மாமாட வீச்சுவலையும் 150 மில்லிசெக்கனும்

மாமா வலை வீசுறத நான் சின்ன வயசில இருந்து பாத்துக்கொண்டு வாறன். மட்டக்களப்பில கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட, விடியக்காலம் அஞ்சு மணிபோல, இடுப்பளவு தண்ணிக்க நிண்டு, கயித்த இடது மணிக்கட்டில சுத்தி, வலையில ஒரு பங்க முழங்கையில போட்டு, மிச்சத்த வலது கையில மடிச்சுப் பிடிச்சு, ஒரு கிறுகு கிறுகி விடுவாரு, வலை அப்பிடியே வட்டமா விரிஞ்சு ஈயமணி எல்லாம் ஒரே நேரத்தில தண்ணியில விழும். அந்தச் சத்தம் ஒரே சத்தமாக் கேக்கோணும். ரெண்டா மூணாக் கேட்டா வலை வட்டமா விழல்ல, மீன் வெளிய போயிரும். எனக்கும் பழக்கினாரு. "கையப் பாக்காத மனே, தண்ணியப் பாரு" இது ஒண்டுதான் திருப்பித் திருப்பிச் சொல்லுவாரு, வேற ஒண்டும் சொல்லித் தர மாட்டாரு. நான் அப்ப நினைச்சன் அவருக்கு விளங்கப்படுத்தத் தெரியா எண்டு. இப்ப அந்த ஒரு வசனத்துக்குள்ள எவ்வளவு கணக்கு இரிக்கெண்டு கொஞ்சம் விளங்குது, அதத்தான் எழுதப் போறன்.

போன வருசம் மாமாக்கு சிறுமூளையில ஒரு ஸ்ட்ரோக் வந்திச்சி. தல சுத்து, சத்தி, நடக்கேக்க ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போற. நாங்க எல்லாரும் கை கால் விளங்காமப் போயிருமெண்டுதான் பயந்த, ஆனா அப்பிடி நடக்கல்ல. கையில பலம் அப்பிடியே இரிந்திச்சி. டொக்டர் தன்ட விரல நீட்டி, "என்ட விரலத் தொட்டுட்டு உங்கட மூக்கத் தொடுங்க ஐயா" எண்டு சொல்ல, மாமாட விரல் போய் அவர்ர விரலத் தாண்டிப் போச்சி, மறுகா திரும்பி வந்து இந்தப் பக்கம் தாண்டிச்சி, கிட்டப் போகப் போக நடுக்கம் கூடிச்சி. சும்மா மடியில கைய வெச்சிருந்தா நடுக்கமே இல்ல. ஒரு சாமான எடுக்கப் போனா மட்டும்தான். தேத்தண்ணிக் கோப்பைய எடுக்கப் போய்த் தட்டி விட்டுட்டு, தன்ட கைய வேற ஆர்ர கையோ எண்டமாதிரி அவரு பாத்த பார்வை எனக்கு இன்னும் மறக்கல்ல.

பலம் இரிக்கு, கண் தெரியுது, எங்க போகோணுமெண்டும் தெரியுது, பொறகு என்னத்துக்குக் கை தாண்டிப் போகுது? நான் படிப்பிக்கிறது ஏ.எல். இணைந்த கணிதம், எனக்கு உயிரியல் பெருசாத் தெரியா. ஆனா அந்த விரல் போய் வந்தத பாத்தோண்ண எனக்கு மருத்துவம் ஞாபகம் வரல்ல, அலைவுச் சமன்பாடுதான் ஞாபகம் வந்திச்சி. அதில இருந்துதான் இந்த வாசிப்பு எல்லாம் தொடங்கினது.

முதல்ல தாமதத்தப் பத்திச் சொல்றன், ஏனெண்டா முழு விசயமும் அதுக்குள்ளதான் கிடக்கு. நாம கையப் பாத்துப் பாத்து அசைக்கிறம் எண்டு நினைக்கிறம். ஆனா கண்ணுக்குள்ள வெளிச்சம் விழுந்து, அது மூளைக்குப் போய், மூளையில இருந்து கட்டளை நரம்பு வழியா இறங்கி, தசை இறுகிக் கை திரும்பிறதுக்கு, ஏறத்தாழ 100 இல இருந்து 150 மில்லிசெக்கன் போகும். அதாவது நீங்க பாக்கிற கை இப்பத்தயக் கை இல்ல, கொஞ்சம் முந்தின கை. சோத்தப் பிசைஞ்சு வாயில வெக்கிற வேகத்துக்கு இது காணும். வலை வீசேக்க அந்தக் கிறுகு முழுக்க அரைச் செக்கன் கூட வராது. அதுக்குள்ள பாத்துத் திருத்த ஒரு தரமோ ரெண்டு தரமோதான் நேரம் கிடைக்கும், அதுவும் பழைய செய்திய வெச்சி.

சரி, பழைய செய்திய வெச்சித் திருத்தினா என்ன நடக்கும்? இத நீங்களே எக்செல்ல செஞ்சு பாக்கலாம், நான் என்ட வகுப்புப் புள்ளைகளுக்கும் செஞ்சு காட்டினன். ஒரு நிரல எடுங்க, ஒவ்வொரு வரியும் ஒரு செக்கன்ட நூறில ஒரு பங்கு. கைக்கும் இலக்குக்கும் இடையில உள்ள தூரம் 100 செ.மீ. எண்டு வெச்சி முதல் 16 வரியிலயும் 100 எண்டு போடுங்க. அதுக்குப் பொறகு வாற ஒவ்வொரு வரிக்கும் விதி ஒண்டுதான்: முந்தின வரியில இரிக்கிற தூரத்த எடு, அந்த முந்தின வரிக்கும் 15 வரி முன்னால இரிந்த தூரத்த ஒரு எண்ணாலயும் 0.01 ஆலயும் பெருக்கிக் கழி. 15 வரி எண்டா 150 மில்லிசெக்கன் தாமதம். அந்த எண்தான் எவ்வளவு அவசரமாத் திருத்திறம் எண்டுறது, என்ஜினியர்மார் அத கெயின் எண்டு சொல்லுவாங்க.

கெயினுக்கு 2 போட்டா கை ஆறுதலா வந்து சேரும், தாண்டாது, ஆனா கை அசையத் தொடங்கி ஒரு செக்கன் முடியேக்கயும் நாலஞ்சு செ.மீ. மிச்சம் கிடக்கும். 5 போட்டா கெதியா வரும், ஆனா இலக்கத் தாண்டி ஒரு 28 செ.மீ. அங்கால போய், திரும்பி வந்து, மறுகா கொஞ்சம் ஆடித்தான் நிக்கும். 12 போட்டுப் பாருங்க. ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதவிடப் பெருசாகிக்கொண்டே போகும், நிக்கவே நிக்காது. மூணு தரமும் சமன்பாடு ஒண்டுதான், தசையும் ஒண்டுதான் எண்டு வெச்சிக்கொள்ளுங்க, மாறினது அவசரம் மட்டும்தான். கடதாசியில செஞ்சா எல்லையும் அழகா வரும்: கெயினையும் தாமதத்தையும் பெருக்கி வாறது ஏறத்தாழ 0.37 க்கு மேல போனா ஆடத் தொடங்கும், 1.57 க்கு மேல போனா நிக்காது. அந்த 1.57 எண்டுறது பை (π) எண்ட எண்ணில அரைவாசி, 0.37 எண்டுறது ஒண்ட இயற்கை மடக்கை அடியால பிரிச்சி வாறது. எங்கட புள்ளைகள் சோதனைக்கு மனனம் பண்ற ரெண்டு எண்ணும் ஒருத்தர்ட கை நடுக்கத்துக்குள்ள வந்து நிக்கேக்க எனக்கு மேலெல்லாம் கூசிச்சி.

உண்மையான கை இவ்வளவு லேசில்ல, அதுக்குப் பாரம் இரிக்கு, தசை ஒரு சுருளிவில்லு மாதிரி வேல செய்யுது, முள்ளந்தண்டுக்குள்ள இதவிடக் கெதியான தெறிவினையும் இரிக்கு. எண்டாலும் மாமாட விரல் போய் வந்த கோலம் அந்த 5 க்கும் 12 க்கும் இடையில வரைஞ்ச கோடு மாதிரித்தான் எனக்குத் தெரிஞ்சிச்சி.

இந்தத் தாமதம் எங்க இருந்து வருது எண்டு தேடப் போய்க் கணவாயில வந்து நிண்டன். நரம்புக்குள்ள ஓடுறது வயர்ல ஓடுற கரண்ட் மாதிரி இல்ல. நரம்புத் தோலில இரிக்கிற சின்னச் சின்ன வாசலுகள் திறந்து சோடியம் உள்ள வர, மறுகா பொட்டாசியம் வெளிய போக, அடுத்த துண்டு அத உணர்ந்து தன்ட வாசலத் திறக்க, அப்பிடி அப்பிடித்தான் செய்தி நகருது. இதுக்கு முதல் முழுமையான கணக்க 1952 இல எழுதினது அலன் ஹொட்ஜ்கினும் அன்ட்ரூ ஹக்ஸ்லியும். அவங்க எடுத்துக்கொண்டது கணவாய்ட நரம்ப, ஏனெண்டா அது பயந்து தண்ணியப் பீச்சிக்கொண்டு பின்னால பாயிறதுக்கு ஒரு பெரிய நரம்பு வெச்சிருக்கு, அரை மில்லிமீட்டர் மொத்தம் வரும், வெறும் கண்ணாலயே பாக்கலாம். நாலு வகையீட்டுச் சமன்பாடு. கேம்பிரிட்ஜில இரிந்த கம்பியூட்டர் அந்த நேரம் பாவிக்க ஏலாம இரிந்ததால ஹக்ஸ்லி கையால சுத்துற கணக்கு மெசின்லதான் கிழமைக் கணக்கா இரிந்து படி படியாத் தீர்த்தாரு. கணக்கில வந்த வேகம் செக்கனுக்கு 18.8 மீட்டர், உண்மையான நரம்பில அளந்தது 21.2 மீட்டர். கையால சுத்தி எடுத்த விடைக்கு அது எவ்வளவு கிட்ட எண்டு பாருங்க. 1963 இல நோபல் பரிசு குடுத்தாங்க.

இத நான் மாமாக்குச் சொன்னன். ரொம்ப நேரம் பேசாம இரிந்துட்டு, "அதானா கா கணவாய் கையில இரிந்து வழுக்கிப் பாயிது" எண்டாரு. ஓம், அதான். கணவாய் நரம்ப மொத்தமாக்கித் தாமதத்தக் குறைச்சிக்கொண்டிச்சி. நம்மட நரம்புகள் அவ்வளவு மொத்தமா இரிந்தா முள்ளந்தண்டுக்க இடம் காணாது, அதால மனுசருக்கு நரம்புக்கு மேல கொழுப்புறை சுத்தியிரிக்கு, கையிக்கு வாற வேகமான நரம்புல செக்கனுக்கு அம்பது அறுபது மீட்டர் ஓடும். அப்பிடி இரிந்தும் மூளையும் தசையும் எடுக்கிற நேரத்த எல்லாம் கூட்டிப் பாத்தா மிச்சம் வாறது முதல்ல சொன்ன அந்த 150 தான்.

தாமதத்தக் குறைக்க ஏலாது எண்டா மிச்சம் இரிக்கிற வழி ஒண்டுதான், முன்கூட்டியே சொல்றது. மூளை தசைக்குக் கட்டளை அனுப்பேக்க அதில ஒரு கொப்பியத் தனக்கும் வெச்சிக்கொண்டு, "இந்தக் கட்டளை போனா கை இன்னும் கொஞ்ச நேரத்தில இன்ன இடத்தில இரிக்கும்" எண்டு கணக்குப் பாத்துக்கொள்ளுது, கண் சொல்ல முந்தியே. வகுப்பில நான் ஒரு தேங்காய வெச்சி இதக் காட்டினன். ஒரு புள்ளைய உள்ளங்கைய விரிச்சு நீட்டச் சொல்லி, கண்ண மூடச் சொல்லி, தேங்காய வெச்சிட்டு, நான் டக்கெண்டு தூக்கினா அந்தக் கை மேல துள்ளும். மறுகா அதே புள்ளய தன்ட மத்தக் கையால தூக்கச் சொன்னா, கை அப்பிடியே அசையாம நிக்கும். தேங்காயும் அதே பாரம்தான். தன்ட கை தூக்கப் போகுது எண்டு மூளைக்கு முந்தியே தெரியும், தூக்கிற அதே கணத்தில மத்தக் கைத் தசையத் தளர்த்தி விடுது. வீட்டில ஒரு தரம் செஞ்சு பாருங்க, மாபிள் கல்லுக்கு மேல நிண்டு செய்ய வேணாம்.

இந்த முன்கணக்கில பெரிய பங்கு சிறுமூளைக்கு எண்டுதான் ஆராய்ச்சியாளர்மார்ல கனபேர் சொல்றாங்க. 2009 இல பிரேசில் ஆராய்ச்சியாளர்மார் எண்ணினதுப்படி மனுச மூளையில ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலம், அதில 6,900 கோடி இந்தப் பின்பக்கத்துச் சிறுமூளைக்குள்ள, பாரத்தில பாத்தா அது மூளைட பத்தில ஒரு பங்குதான். டேவிட் மார் எண்ட இளம் ஆள் 1969 இலயும், ஜேம்ஸ் அல்பஸ் 1971 இலயும், ஒவ்வொருத்தராத் தனித்தனியா, சிறுமூளை ஒரு பழகிற மெசின் எண்டு எழுதினாங்க. அதில இரிக்கிற பேர்க்கின்ஜி எண்ட கலம் ஒவ்வொண்டுக்கும் ஒரு லட்சத்துக்கும் மேல மெல்லிய இழையில இருந்து செய்தி வருது, ஆனா ஏறு இழை எண்டு ஒண்டே ஒண்டுதான் வந்து சுத்திக்கொண்டு நிக்குது. அல்பஸ் சொன்னது, அந்த ஒரு இழை "பிழை" எண்டு சொல்லுது, அது சொல்லேக்க அந்த மெல்லிய இழைகள்ல ஆராரு கதைச்சிக்கொண்டு இரிந்தாங்களோ அவங்கட குரல கொஞ்சம் குறைக்கிற. பிழைய வெச்சி ஒவ்வொரு குரலுக்கும் குடுக்கிற எடைய மாத்திற, மறுகா பாக்கிற, மறுகா மாத்திற. இண்டைக்கு ஏஐ ஏஐ எண்டு சொல்ற நியூரல் நெட்வேர்க்குல பழக்கிறதுட அடிப்படையும் கிட்டத்தட்ட இதேதான். பொறகு 1982 இல ஜப்பான்ல மசாவோ இட்டோட ஆக்கள் அந்தக் குரல் குறையிறத உண்மையாவே அளந்து காட்டினாங்க. கடதாசியில கணக்காப் பத்து வருசம் இரிந்த ஒண்டு சதையில கண்டுபிடிபட்டது எனக்குப் பெரிய அதிசயம்.

அப்ப மாமாக்கு என்ன நடந்த? அந்த முன்கணக்கு பழுதாப் போச்சி. இப்ப அவருக்கு மிஞ்சியிரிக்கிறது பழைய செய்தியும் பழைய அவசரமும், எக்செல்ல கெயின் குறைக்காம ஓடுற மாதிரி. இது நான் விளங்கிக்கொண்ட விதம், நான் டொக்டர் இல்ல, வைத்தியத்துக்கு இத வெச்சி ஒண்டும் செய்யாதீங்க.

நான் ஆகவும் விரும்பி வாசிச்சது இன்னொரு ஆள. ரஷ்யாவில நிக்கொலாய் பேர்ன்ஸ்டைன் எண்டு ஒருத்தர், 1920களில மொஸ்கோவில தொழிலாளிகள்ட அசைவுகள அளக்கிற வேலையில இரிந்தவரு. கைத் தொழில்காரர்ட மூட்டுகள்ல சின்ன பல்ப் கட்டி, கேமராவத் திறந்து வெச்சி, அந்த வெளிச்சம் போற பாதையப் படம் பிடிச்சாரு. சுத்தியலால அடிக்கிற கைதேர்ந்த ஆக்களப் பாத்தா, ஒவ்வொரு அடிக்கும் தோள் முழங்கை எல்லாம் வேற வேற வழியில போகுது, ஆனா சுத்தியல்ட மூக்கு மட்டும் ஒரே இடத்தில வந்து விழுது. அப்ப அந்த மனுசன் செய்றது ஒரே அசைவத் திருப்பிச் செய்றது இல்ல, ஒரே பிரச்சினைய ஒவ்வொரு தரமும் புதுசாத் தீர்க்கிறது. கைக்கு வேணுமானத விடக் கூடின மூட்டு இரிக்கு, கூடின தசை இரிக்கு, ஒரு இடத்தத் தொட எண்ணிக்கையில்லாத வழி இரிக்கு. மூளை எந்த வழிய எடுக்குதெண்ட கேள்விய அவருதான் தெளிவாக் கேட்டாரு.

இதுக்கு விடை எண்டு கன மொடல் வந்திச்சி. 1985 இல தமார் ஃபிளாஷும் நெவில் ஹோகனும் சொன்னது, கை எப்பவும் ஆகவும் வழுவழுப்பான பாதைய எடுக்கும், ஆர்முடுகல் மாறுற வீதத்த ஆகக் குறைக்கிற பாதை. வகைச்சுக் கணக்குப் பாத்தா அஞ்சாம் படிப் பல்லுறுப்பி ஒண்டு வரும், வேகம் மணி கவுத்த மாதிரி ஏறி இறங்கும், நடுவில உச்ச வேகம் சராசரிட 1.875 மடங்கு. மேசையில கைய இங்க இருந்து அங்க நகத்தினா உண்மையா அப்பிடித்தான் வருது. ஆனா எனக்கு இதில திருப்தி இல்ல. வழுவழுப்பா இரிக்கிறதால மூளைக்கு என்ன லாபம்? கிறிஸ் ஹாரிசும் டானியல் வொல்பேர்ட்டும் 1998 இல சொன்ன காரணம்தான் எனக்குப் பிடிச்சது: நரம்புக் கட்டளையில எப்பவும் இரைச்சல் கலந்திரிக்கு, கட்டளை பெருசாகப் பெருசாக இரைச்சலும் கூடும், அதால சரியா இடத்தில போய் நிக்கோணுமெண்டா வெட்டி இழுக்காமப் போறதுதான் புத்தி. வழுவழுப்பு அதுக்குப் பின்னால தானா வருது.

2002 இல இமானுவேல் டொடொரோவும் மைக்கல் ஜோர்டனும் எழுதினது பேர்ன்ஸ்டைன்ட சுத்தியலுக்கே கணக்கு. அவங்க சொன்னதச் சுருக்கமாச் சொன்னா: வேலைக்குக் குறுக்க நிக்கிற பிழைய மட்டும் திருத்து, மத்தத அதுட பாட்டுக்கு விடு. ஏனெண்டா ஒவ்வொரு திருத்தத்துக்கும் விலை இரிக்கு, திருத்தத்தோட புது இரைச்சலும் வரும். முழங்கை ரெண்டு செ.மீ. விலகிப் போனா, மணிக்கட்டு அதச் சமாளிச்சிரும் எண்டா, முழங்கைய ஏன் இழுக்கோணும்?

இத வாசிச்சிட்டு நான் பழைய ஃபோன தேடி எடுத்தன். மாமாக்கு வருத்தம் வர முந்தி, ஒரு நாள் காலமை நான் ஸ்லோமோஷன்ல எடுத்த வீடியோ அதில கிடந்திச்சி, ஏழு தரம் வீசினது. ஒவ்வொரு ஃபிரேமா நிப்பாட்டி முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் புள்ளி போட்டன், ரெண்டு இரவு போச்சி. ஏழு தரமும் முழங்கை ஏழு வழியில போயிரிக்கு. ஒரு தரம் தண்ணி தள்ளினதில கால் கூட நகந்திரிக்கு. ஆனா வலைய விடுற அந்தக் கணத்தில கை போற திசை மட்டும் ஒண்டுக்கு மேல ஒண்டா வந்து நிண்டிச்சி. நான் பழகேக்க முழங்கையப் பாத்துப் பாத்து ஒரே மாதிரி வெக்கப் பாத்தன், அதாலதான் எனக்கு வலை பாய் சுருட்டின மாதிரி விழுந்த. "தண்ணியப் பாரு" எண்டு அவரு சொன்னது பிழைய எங்க அளக்கோணும் எண்டு.

இப்பத்தய கதைக்கு வாறன். ஆறு மாசம் தெரப்பிக்குப் போனாரு, வீட்டிலயும் விடாமச் செஞ்சாரு. மறுகா போன மாசம் ஒரு நாள் "ஆத்துக்குப் போவம் வாகா" எண்டு தானாக் கூப்பிட்டாரு. மாமி வேணாம் வேணாம் எண்டு சத்தம் போட, நான் பக்கத்திலேயே நிப்பன் எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போனன். பழைய வலை இல்ல, தம்பிட சின்ன வலை. முழங்கால் அளவு தண்ணி.

அவரு வீசினத பாத்து எனக்கு வாய் அடைச்சிப் போச்சி, ஏனெண்டா அது அவர்ர வீச்சே இல்ல. முழங்கைய விலாவோட ஒட்டி இறுக்கிக்கொண்டு, மணிக்கட்டையும் அசைக்காம, கால ரெண்டையும் அகட்டி ஊண்டி, முழு உடம்பையும் ஒரு கட்ட மாதிரி ஆறுதலாக் கிறுக்கி விட்டாரு. ஆரும் சொல்லிக் குடுக்கல்ல. ஒரு மூட்டு அசைஞ்சா அந்த அசைவு பக்கத்து மூட்டையும் இழுக்கும், தோள வேகமா ஆட்டினா முழங்கை தானா உதறும், அந்த இழுவைய முன்கூட்டியே கணக்குப் பாத்து ஈடு செய்றது சிறுமூளைட வேல. 1996 இல ஏமி பாஸ்டியனும் அவங்கட ஆக்களும் சிறுமூளை பழுதான ஆக்கள்ட கைய அளந்து, அவங்களுக்கு அந்த ஈடு சரியா வாறதில்ல எண்டு காட்டினாங்க. மாமா ஒரு கட்டுரையும் வாசிக்கல்ல. மூட்டப் பூட்டிப்போட்டா இழுவை இல்ல, ஆறுதலாச் செஞ்சா தாமதம் உதைக்காது, கெயின் 12 இல இரிந்து 2 க்கு வந்திரிச்சி. பழைய கணக்கு கையில இல்லாத மனுசன் வேற கணக்கு ஒண்டு போட்டிரிக்காரு.

முதல் ரெண்டும் சரிவரல்ல. மூணாவது, முழு வட்டம் எண்டு சொல்ல ஏலாது, தேங்காய்ப் பாதி மாதிரி, ஆனா விரிஞ்சிச்சி. ஈயமணி விழுந்த சத்தம் ரெண்டாக் கேட்டிச்சி. அவரு தலயச் சரிச்சி அதக் கேட்டுக்கொண்டு நிண்டாரு. இழுத்துப் பாத்தா நாலு இறாலும் ஒரு விரல் நீளத்தில கொடுவாக் குஞ்சு ஒண்டும். குஞ்சத் தூக்கித் திரும்பத் தண்ணியில விட்டாரு.

வீடியோ எடுத்திரிக்கன், மொத்தம் ஒம்பது வீச்சு. இந்தக் கிழமை வகுப்பு முடிஞ்சோண்ண புள்ளி போடத் தொடங்கோணும். முழங்கைக்குப் போட வேல இரிக்காது, அது அசையல்ல. இந்தத் தரம் நான் பாக்கப் போறது அவர்ர காலையும் இடுப்பையும்.